எல்விஷ், கிளிங்கன், நாவி: எதைக் கற்பது, எங்கிருந்து தொடங்குவது?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகத் தருகிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். வீட்டில் ஆயாவோடு, அதாவது பாட்டியோடு, தமிழ்; மற்றவர்களோடு இங்கிலீஷ். பள்ளியில் சூலு படித்திருக்கிறார், ஆப்பிரிக்கான்ஸும் ஓரளவு புரியும். கற்பனைக் கதைகளிலும் விண்வெளிப் படங்களிலும் வரும் மொழிகளில் ஒன்றை ஒழுங்காகக் கற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். எல்விஷா, கிளிங்கனா, நாவியா, வலிரியனா? எவ்வளவு நாள் ஆகும்? அதன் எழுத்தையும் கற்க வேண்டுமா? "முதல்ல தமிழை ஒழுங்கா படி" என்று ஆயா சொல்கிறாரே, அதற்கு என்ன பதில்?

நான் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறவன். கிளிங்கனும் குவென்யாவும் எனக்குப் பல வருஷப் பழக்கம். மற்ற இரண்டிலும் இலக்கணத்தை உட்கார்ந்து படித்திருக்கிறேன், பேச வராது. அந்த அளவில் என் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, எது அழகு, எது சுலபம் என்று பார்ப்பதற்கு முன்னால் இதை யோசியுங்கள்: படிக்கும்போது சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பீர்கள்? தமிழில் சந்தேகம் வந்தால் ஆயாவைக் கேட்கலாம். அவர் சொல்வதும் பக்கத்து வீட்டு அண்ணன் சொல்வதும் கொஞ்சம் வேறுபடும், ஆனால் இரண்டும் தமிழ்தான். பேசுகிற கூட்டம் முழுவதற்கும் மொழியில் உரிமை இருக்கிறது. உருவாக்கிய மொழிகளில் பெரும்பாலும் அப்படி இல்லை. ஒருவர் உட்கார்ந்து செய்தது அது. ஒரு சொல் சரியா தவறா என்று சொல்லும் உரிமையைக் கற்கிறவர்கள் அவருக்கே கொடுத்து வைத்திருக்கிறார்கள். அவர் இன்றும் பதில் சொல்கிறாரா, இல்லை குறிப்புகளைக் குவித்து வைத்துவிட்டுப் போய்விட்டாரா? நீங்கள் கற்கப்போகும் அனுபவமே இதைப் பொறுத்துத்தான் அமையும். பேச ஆசைப்பட்டுப் பேச முடியாத மொழியில் போய் மாட்டிக்கொண்டு, ஆறே மாதத்தில் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

எல்விஷிலிருந்து ஆரம்பிக்கலாம். அந்தப் பெயரில் ஒரு மொழி இல்லை. 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையை எழுதிய ஜே. ஆர். ஆர். டோல்கீன் தன் கதை உலகத்து எல்ஃப் இனத்தாருக்காகப் பல மொழிகளை வரைந்து பார்த்தார். அவற்றில் கற்கும் அளவுக்கு வளர்ந்தவை குவென்யா, சிந்தாரின் என்ற இரண்டுதான். ஃபின்னிஷ் மொழியின் ஓசையில் மயங்கிக் குவென்யாவை வளர்த்தார். சிந்தாரினுக்கு வேல்ஸ் மொழி முன்மாதிரி. மனுஷர் பிறந்தது நம் நாட்டில்தான், 1892 ஜனவரி 3 அன்று, புளூம்ஃபொன்டெய்னில். அப்பா அங்கே வங்கி மேலாளர். மூன்று வயதில் அம்மாவோடு இங்கிலாந்து போனார், அதன் பிறகு இங்கே வாழவில்லை. அப்பா 1896-இல் புளூம்ஃபொன்டெய்னிலேயே இறந்தார். இதைச் சொன்னால் வகுப்பில் பிள்ளைகளுக்குக் கண் விரியும். அந்த ஊர் இருக்கும் ஃப்ரீ ஸ்டேட்டில் இந்தியர்கள் குடியிருக்கக் கூடாது என்று 1891-இல் போட்ட சட்டம் 1986 வரை இருந்தது என்பதையும் கூடவே சொல்லிவிடுவேன். டோல்கீன் பிறந்த ஊரில் நம் தாத்தாமார் குடியேறி ஒரு கடை போட்டிருக்க முடியாது. அதுவும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

குவென்யா நமக்குச் சீக்கிரம் ஒட்டும். வேற்றுமை உருபு சொல்லின் கடைசியில் வந்து சேர்கிறது. 'கிர்யா' என்றால் கப்பல். 'கிர்யன்னா' என்றால் கப்பலுக்கு, 'கிர்யல்லோ' என்றால் கப்பலிலிருந்து, 'கிர்யஸ்ஸே' என்றால் கப்பலில். இங்கிலீஷ் மட்டும் தெரிந்தவர்களுக்கு இந்த அட்டவணையைக் கண்டாலே மலைப்பாக இருக்கும். நமக்கு ஐ, ஆல், கு என்று சின்ன வயதிலேயே பழகிய சங்கதி. குறில் நெடில் வேறுபாடும் அங்கே முக்கியம். ஒரு சொல்லில் எந்த அசையை அழுத்திச் சொல்வது என்பதையே அது தீர்மானிக்கிறது.

இன்னொன்று, 'நாம்', 'நாங்கள்' என்ற வேறுபாடு. இங்கிலீஷில் இது கிடையாது, குவென்யாவில் உண்டு. டோல்கீனின் கதையில் புகழ்பெற்ற ஒரு வணக்கம் வரும்: 'எலென் ஸீலா லூமென்ன் ஓமென்டியெல்வோ'. நம் சந்திப்பின் வேளை மீது ஒரு விண்மீன் ஒளிர்கிறது என்று பொருள். 1954-இல் வந்த முதல் பதிப்பில் கடைசிச் சொல் 'ஓமென்டியெல்மோ' என்று இருந்தது. 1960-களில் வந்த இரண்டாம் பதிப்பில் அதை 'ஓமென்டியெல்வோ' என்று மாற்றினார். இடையில் அந்த விகுதிகளைப் பற்றி அவர் மனசு மாறியிருந்தது. புதிய கணக்குப்படி பழைய வடிவம் கேட்கிறவரை ஒதுக்கி வைத்த 'எங்கள்' ஆகிவிடும். எதிரில் நிற்பவரை வாழ்த்தும்போது அவரையே வெளியே தள்ளினால் எப்படி? ஒரே ஒரு மெய்யெழுத்துக்காக அச்சான புத்தகத்தைத் திருத்தியிருக்கிறார். இந்த அக்கறைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

குவென்யாவில் உள்ள சிக்கலும் இதே இடத்தில்தான் இருக்கிறது. டோல்கீன் 1915 வாக்கில் தொடங்கி 1973-இல் இறக்கும்வரை இந்த மொழிகளை மாற்றிக்கொண்டே இருந்தார். முழு இலக்கண நூல் ஒன்றை எழுதி, இதுதான் முடிவு என்று கையெழுத்துப் போடவே இல்லை. அவர் விட்டுப்போன தாள்களை ஆய்வாளர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தொகுத்து வெளியிட்டு வருகிறார்கள். ஒரு தொகுப்பு வந்ததும், பத்து வருஷத்துக்கு முன்னால் எழுதிய பாடப் புத்தகத்தில் நாலு இடம் பழசாகிவிடும். இன்று குவென்யாவில் உரையாடுகிறவர்கள் பேசுவது, டோல்கீன் விட்ட இடங்களைத் தாங்களே நிரப்பிக்கொண்ட ஒரு வடிவம். அதில் தப்பில்லை. ஆனால் இரண்டு குழு இரண்டு விதமாக நிரப்பும், சரி எது என்று சொல்ல யாரும் இல்லை. ஆகவே பழைய செய்யுளை வரி வரியாகப் பிரித்துப் பொருள் காண்பதில் உங்களுக்கு இன்பம் உண்டென்றால் குவென்யாவை எடுங்கள், அள்ள அள்ளக் கிடைக்கும். அரட்டை அடிக்க வேண்டும் என்றால் வேண்டாம். சிந்தாரினுக்கும் இதே கதைதான். அங்கே முன்னால் நிற்கும் சொல்லைப் பார்த்து அடுத்த சொல்லின் முதல் எழுத்தே மாறும். புணர்ச்சி விதி படித்தவர்களுக்கு அந்த யோசனை புதிதாக இருக்காது, ஆனால் விதிகள் நிறைய.

பேச வேண்டும் என்றால் கிளிங்கன். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளிக் கதை வரிசையின் முதல் திரைப்படத்தில், 1979-இல், கிளிங்கன் என்ற வேற்றுக்கிரக இனத்துப் பாத்திரங்களுக்காகச் சில சொற்களை ஜேம்ஸ் டூஹன் என்ற நடிகர் உண்டாக்கிக் கொடுத்தார். அவை வெறும் ஓசைகள்தான். 1984-இல் வந்த மூன்றாம் படத்துக்காக மார்க் ஓக்ரண்ட் என்ற மொழியியலாளரை அழைத்தார்கள். அவர் அந்த ஓசைகளை வைத்துக்கொண்டு முழு மொழியாகக் கட்டினார். 1985-இல் அகராதி வந்தது, 1992-இல் விரிவாக்கிய பதிப்பு. கலிபோர்னியாவின் பழங்குடி மொழிகளில் ஒன்றான, பேசுவோர் இல்லாமல் போய்விட்ட முட்சுன் மொழியின் இலக்கணத்தை எழுதி முனைவர் பட்டம் வாங்கியவர் ஓக்ரண்ட். உலக மொழிகளில் எது அரிது, எது சாதாரணம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தே அரிதானவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தார்.

உதாரணத்துக்குச் சொல் வரிசையைப் பாருங்கள். தமிழில் எழுவாய் முதலில், பயனிலை கடைசியில். கிளிங்கனில் செயப்படுபொருள் முதலில், நடுவில் வினை, கடைசியில்தான் எழுவாய். 'புக்' என்றால் குழந்தை, 'யாஷ்' என்றால் அதிகாரி, 'லெக்' என்றால் பார். 'புக் லெக் யாஷ்' என்றால் குழந்தையை அதிகாரி பார்க்கிறார். 'யாஷ் லெக் புக்' என்றால் அதிகாரியைக் குழந்தை பார்க்கிறது. உருபு எதுவும் இல்லை, நிற்கிற இடம்தான் அர்த்தம். உலக மொழிகளில் மிகச் சில மட்டுமே இந்த வரிசையை அடிப்படையாகக் கொண்டவை. முதல் சில வாரம் தலை சுற்றும், அப்புறம் பழகிவிடும்.

ஒலிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு இதில் கிடைக்கும் அனுகூலம் வேறு யாருக்கும் எளிதில் வாய்க்காது. கிளிங்கனின் 'ட' நாக்கை மடித்துச் சொல்வது, 'நாடு', 'பாடு' என்பதில் வருகிற அதே ட. அமெரிக்கர்கள் இதற்கே பல வாரம் செலவழிப்பார்கள். நாக்கை அதே இடத்தில் வைத்துக்கொண்டு காற்றை விட்டால் கிளிங்கனின் 'ஷ'. ஷண்முகம் என்று அழுத்திச் சொன்னால் வந்துவிடும். தொண்டையை உரசி வரும் 'ஹ' ஒன்று உண்டு. ஹௌடெங் மாகாணத்தின் பெயரை உள்ளூர்க்காரர் மாதிரி சொல்லிப் பாருங்கள், முதல் ஒலி அதுதான். ஆப்பிரிக்கான்ஸ் காதில் விழுந்து வளர்ந்தவருக்கு இது பாடமே இல்லை. அதே இடத்தில் குரலைச் சேர்த்து உரசினால் 'லெக்' என்பதன் கடைசி ஒலி வரும்.

எல்லாரும் பயப்படும் ஒலி, அந்த மொழியின் சொந்தப் பெயரிலேயே முதலில் நிற்பது. 'த்' என்று நாக்கை ஒட்டி, நாக்கின் இரண்டு பக்கமும் குரல் இல்லாமல் காற்றை வெடித்து விட வேண்டும். பாடப் புத்தகங்கள் இதை விளக்கப் பெரும் பாடுபடும். நீங்கள் உம்ஹ்லாங்காவுக்குப் பஸ் ஏறியிருப்பீர்கள், ஹ்லுஹ்லுவே பூங்காவுக்குப் பள்ளிச் சுற்றுலா போயிருப்பீர்கள். அந்தப் பெயர்களைச் சூலுக்காரர் சொல்லும் விதத்தில் சொல்லுங்கள். அதில் வரும் 'ஹ்ல்' ஒலிக்கு முன்னால் ஒரு 'த்' வைத்து ஒரே மூச்சில் விட்டால் முடிந்தது வேலை. இங்கிலீஷ்காரர் போல 'உம்ஷ்லாங்கா' என்று சொல்கிற பழக்கம் இருந்தால் அதை முதலில் விடுங்கள். ககரத்தைத் தொண்டையின் ஆழத்தில் சொல்லும் இரண்டு ஒலிகளுக்கு மட்டும் தமிழும் உதவாது, சூலுவும் உதவாது. அவற்றுக்குப் பயிற்சிதான்.

இலக்கணத்தில் சூலு இன்னும் ஒரு கை கொடுக்கும். நான் உன்னைப் பார்க்கிறேன் என்பதைச் சூலுவில் 'ங்கியாகுபோனா' என்போம். யார் பார்க்கிறார், யாரைப் பார்க்கிறார் என்ற இரண்டும் வினைக்கு முன்னால் ஒட்டிக்கொள்கின்றன. கிளிங்கனிலும் முன்னால்தான் ஒட்டும், ஆனால் இரண்டையும் ஒரே அசையில் அடக்கிவிடுவார்கள். 'காலெக்': நான் உன்னைப் பார்க்கிறேன். 'சோலெக்': நீ என்னைப் பார்க்கிறாய். 'விலெக்': நான் அவரை அல்லது அதைப் பார்க்கிறேன். இப்படி இருபத்தொன்பது முன்னொட்டுகள். மனப்பாடம் செய்தே ஆக வேண்டும், வேறு வழி இல்லை. ஆனால் அந்த அமைப்பு எதற்கென்று உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் ஒட்டுகள் வரிசையாக வந்து சேரும், தமிழில் பிழை, பிழைகள், பிழைகளால் என்று வளர்வது போல. ஓக்ரண்டின் அகராதியிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது: 'காக்ஹோம்மெய்ஹெய்லிஜ்மோ'. பிரித்தால் பிழை, சின்ன, பன்மை, தோன்றுகிற, உன், காரணமாக. 'உன்னிடம் இருப்பதாகத் தோன்றும் சிறு பிழைகளால்' என்று ஒரே சொல். பெயருக்கு ஐந்து வகை ஒட்டுகள், வினைக்கு ஒன்பது வகை, வரிசை மாறக் கூடாது.

திணை விஷயத்தைப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கிளிங்கனில் பன்மை விகுதி மூன்று. பேசத் தெரிந்த உயிர்களுக்கு ஒன்று, உடல் உறுப்புகளுக்கு ஒன்று, மற்றவற்றுக்கெல்லாம் ஒன்று. 'என்', 'உன்' என்று உடைமை சொல்லும் ஒட்டிலும் பேசுகிற உயிருக்குத் தனி வடிவம். 'உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே, அஃறிணை என்மனார் அவரல பிறவே' என்று தொல்காப்பியத்தில் படிக்கிறோம். அங்கே மனிதனா இல்லையா என்பது கோடு. வேற்றுக்கிரகங்கள் நிறைந்த கதையில் மனிதன் என்று கோடு போட முடியாது, அதனால் பேச்சு வருமா வராதா என்று ஓக்ரண்ட் போட்டார். என் வகுப்பில் திணை புரியாத பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்காட்டியிருக்கிறேன். விண்கலத்தில் வந்திறங்கும் ஒரு பிராணி உயர்திணையா அஃறிணையா என்று அரை மணி நேரம் வாதாடினார்கள். சூத்திரத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்தபோது வராத தெளிவு அந்த வாதத்தில் வந்தது.

சந்தேகம் தீர்க்க ஆள் இருக்கிறாரா என்று கேட்டேன் அல்லவா? கிளிங்கனில் இருக்கிறார். 1992-இல் அமெரிக்காவில் தொடங்கிய கிளிங்கன் மொழி நிறுவனம் ஆண்டுதோறும் மாநாடு கூட்டுகிறது. இன்னின்ன சொற்கள் இல்லாமல் சிரமப்படுகிறோம் என்று கற்கிறவர்கள் ஓக்ரண்டிடம் கேட்கிறார்கள், அவர் புதுச் சொற்களைத் தருகிறார். அவர் தராத சொல்லைக் கிளிங்கன்காரர்கள் ஏற்பதில்லை. கட்டுப்பாடு அதிகம் என்று சிலருக்குக் கோபம். என் கருத்தில் மொழி சிதறாமல் இருப்பதற்குக் காரணமே இதுதான். ஹாம்லெட் நாடகம் 1996-இலும், கில்கமேஷ் காவியம் 2000-இலும், குட்டி இளவரசன் 2018-இலும் கிளிங்கனில் வந்தன. 2010-இல் ஹேக் நகரில் முழுக் கிளிங்கனில் ஒரு இசை நாடகமே அரங்கேறியது. சரளமாகப் பேசுகிறவர்கள் சில பத்துப் பேர்தான் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஓரளவு தெரிந்தவர்கள் அதைவிட எத்தனையோ மடங்கு. இணையத்தில் அவர்கள் எப்போதும் கிடைப்பார்கள், புதியவரிடம் பொறுமையாகப் பேசுவார்கள்.

நாவி இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. 2009-இல் வந்த அவதார் படத்துக்காகப் பால் ஃப்ரோமர் செய்தது. கிளிங்கன் உறுமும், நாவி பாடும். இங்கேயும் நாம், நாங்கள் வேறுபாடு உண்டு. உருபுகள் இருப்பதால் சொற்களை எப்படி மாற்றிப் போட்டாலும் பொருள் மாறாது, தமிழில் 'நாயைப் பையன் பார்த்தான்' என்று திருப்பிப் போடலாம் என்பது போல. காலம் காட்டும் இடைநிலைதான் விநோதம். தமிழில் அது பகுதிக்கும் விகுதிக்கும் நடுவில் நிற்கும். நாவியில் பகுதிக்கு உள்ளேயே புகுந்துவிடும். 'தரோன்' என்றால் வேட்டையாடு. 'தமரோன்' இறந்தகாலம், 'தயரோன்' எதிர்காலம். எண்ணுவது எட்டெட்டாக. ப, த, க மூன்றையும் மூச்சை அடக்கித் தெறிக்கவிடும் ஒலிகள் இதில் உண்டு. சூலுவின் சாதாரண ப, த, க ஒலிகளிலேயே அந்தத் தெறிப்பு இருக்கிறது, உங்களுக்குக் கஷ்டம் வராது. ஃப்ரோமரும் புதுச் சொற்களைத் தந்துகொண்டு, கற்கிறவர்களோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறார். காதுக்கு இனிமை முக்கியம் என்றால் கிளிங்கனை விட்டு இதை எடுக்கலாம், நான் தடுக்க மாட்டேன்.

வலிரியனும் தோத்ராக்கியும் கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடருக்காக டேவிட் பீட்டர்சன் செய்தவை. மூல நாவல்களில் இருந்த சில சொற்களை வைத்து மற்றதெல்லாம் அவர் கட்டினார். உயர் வலிரியனில் வினை கடைசியில் வரும், அடைமொழி முன்னால் வரும். வாக்கியத்தின் போக்கு நமக்குச் சொந்த வீடு. ஆனால் நான்கு பால், எட்டு வேற்றுமை, அதோடு ஒருமை, பன்மை தவிர 'சில', 'மொத்தமும்' என்று இன்னும் இரண்டு எண் வகை. அட்டவணை போட்டுப் படிக்கிற பொறுமை வேண்டும். மொழி கற்பிக்கும் டுவோலிங்கோ செயலியில் 2017 முதல் பாடம் இருக்கிறது, அதைச் செய்ததும் பீட்டர்சன்தான். கிளிங்கன் பாடம் 2018-இல் வந்தது. நான் இதை எழுதும்வரை அங்கே தமிழ் கற்பிக்கும் பாடம் கிடையாது. இத்தனை கோடிப் பேர் பேசும் மொழிக்கு இல்லாத இடம் வலிரியனுக்கு இருக்கிறதே என்று ஆயா வருத்தப்பட்டால் அந்த வருத்தத்தில் நானும் பங்கு கேட்பேன்.

நம்மவர் செய்ததையும் ஒரு வரி சொல்ல வேண்டும். 2015-இல் வந்த பாகுபலி படத்தில் காலகேயர் பேசும் கிளிக்கி மொழியைச் செய்தவர் மதன் கார்க்கி. சுமார் 750 சொற்கள், நாற்பது இலக்கண விதிகள். 2020-இல் அதைக் கற்பதற்கென்றே ஒரு இணையதளமும் திறந்தார். சின்ன மொழி. பெரிய மொழியில் இறங்குவதற்கு முன் ஒரு மாதம் கை பழக நல்லது.

சரி, எப்படிப் படிப்பது? முதல் இரண்டு மூன்று வாரம் ஒலி மட்டும். சொல் பட்டியலைத் தொடாதீர்கள். ஃபோனில் பதிவு செய்து, அந்த மொழி தெரிந்த ஒருவருக்கு அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள். ஒலி பிழையாகப் பதிந்துவிட்டால் பிறகு மாற்றுவது பெரும் பாடு. அப்புறம் ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம் போதும். அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரியுங்கள், ஒட்டு எது, வேர் எது, ஏன் இந்த இடத்தில் என்று. தமிழில் பகுபத உறுப்பிலக்கணம் படித்த முறைதான். அதை ஒழுங்காகச் செய்தவர்கள் இந்த மொழிகளில் மற்றவர்களைவிட வேகமாகப் போவதை வகுப்பில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் மாதத்திலிருந்து தினமும் மூன்று வரி எழுதுங்கள். உங்கள் வீட்டில் நடந்ததை எழுதுங்கள், விண்கலமும் வாளும் வேண்டாம். 'ஆயா வாசலில் கோலம் போட்டார்' என்று எழுதப் பாருங்கள். கோலத்துக்குச் சொல் இருக்காது. புதுச் சொல் ஒன்றை நீங்களே உண்டாக்கக் கை துறுதுறுக்கும். செய்யாதீர்கள். இருக்கிற சொற்களை வைத்துச் சுற்றிச் சொல்லுங்கள்: 'கதவுக்கு முன்னால் தரையில் வெள்ளைப் பொடியால் படம் வரைந்தார்'. பன்னி சௌ சாப்பிட்டதை எழுத வேண்டுமா, ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றியது என்று எழுதுங்கள். இப்படிச் சுற்றிச் சொல்லும் சாமர்த்தியம்தான் ஒரு மொழியில் பேச்சு வந்ததற்கு அடையாளம். சொல் எண்ணிக்கை அப்புறம்தான்.

காலக் கணக்குக் கேட்டீர்கள். தினமும் அரை மணி நேரம் விடாமல் உட்கார்ந்தால், கிளிங்கனில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எளிய கதை வாசிக்க ஒரு வருஷம், தடுமாறாமல் அரட்டை அடிக்க இரண்டு அல்லது மூன்று வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது என் மதிப்பீடுதான். சொற்கள் சில ஆயிரம் மட்டுமே என்பது உங்களுக்கு அனுகூலம். பக்கத்துத் தெருவில் பேச ஆள் கிடையாது என்பது பாதகம். அதனால் வாரம் ஒரு முறையாவது இணையத்தில் வாய் திறந்து பேசுவதற்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். எழுத்திலேயே இருந்துவிட்டால் வாய் திறக்கவே வராது.

ஆயாவின் பேச்சுக்கு வருகிறேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதை லேசாக எடுக்காதீர்கள். 1860 நவம்பரில் நம்மவரை ஏற்றி வந்த முதல் கப்பல் நேட்டால் துறைமுகத்தில் வந்து நின்றதிலிருந்து எத்தனை தலைமுறை ஆயிற்று, எத்தனை வீட்டில் தமிழ் பேச்சிலிருந்து போய் பஜனைப் பாட்டிலும் சடங்கிலும் மட்டும் தங்கிவிட்டது என்று அவர் கண்ணால் பார்த்தவர். நம் அரசியலமைப்புச் சட்டம் பேணி மதிக்கப்பட வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. ஆனால் சட்டத்தில் இருப்பது வேறு, அடுப்படியில் பேசுவது வேறு.

ஆனாலும் ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொடங்கு என்ற கணக்கை நான் ஏற்கவில்லை. தமிழை முடிப்பது என்று ஒன்று கிடையாது. தமிழுக்கு உங்களுக்கு வேண்டியது ஆயாவோடு தினமும் பேசும் நேரம், அதற்குப் புத்தகமோ மேஜையோ வேண்டாம். கிளிங்கனுக்கு வேண்டியது ராத்திரி அரை மணி நேரம் தனியாக உட்காருவது. இரண்டும் ஒரே நேரத்துக்குப் போட்டி போடவில்லை. எப்போதாவது போட்டி வந்தால், தயங்காமல் ஆயா பக்கம் போங்கள். ஓக்ரண்டின் அகராதி அலமாரியில் காத்திருக்கும். முடிந்தால் நாளைக்கு ஒரு வேலை செய்யுங்கள்: உங்களுக்குப் புரியாத வேற்றுமை ஒன்றைக் கிளிங்கனிலோ குவென்யாவிலோ பார்க்கும்போது, அதையே தமிழில் எப்படிச் சொல்வோம் என்று ஆயாவைக் கேளுங்கள். அவருக்கு இலக்கணப் பெயர் தெரியாமல் இருக்கலாம். வாக்கியம் பளிச்சென்று வரும். பள்ளிப் புத்தகத்தில் இல்லாத, வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த பேச்சு வழக்கு அதில் இருக்கலாம். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை கிடைக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் யாராவது கேட்பார்கள். படங்களுக்கு மொழி செய்து பிழைப்பவர்கள் உலகத்திலேயே விரல் விட்டு எண்ணும் அளவுதான். மொழியியல் படிக்கும் எண்ணம் இருந்தால் இது நல்ல அடித்தளம். இல்லாவிட்டால் இன்பத்துக்காகப் படிக்கிறேன் என்று நேராகச் சொல்லிவிடுங்கள், அது போதுமான காரணம்.

கடைசியாக எழுத்து. மொழிக்கு மொழி பதில் மாறும். கிளிங்கனுக்குக் கூரான கோடுகளால் ஆன எழுத்து உண்டு, திரையில் பார்த்திருப்பீர்கள். கணினி எழுத்துகளுக்கான உலகத் தரமான யூனிகோடில் சேர்க்கச் சொல்லி வந்த விண்ணப்பத்தை 2001-இல் நிராகரித்துவிட்டார்கள். அகராதி, ஹாம்லெட், பாடங்கள் எல்லாம் ரோமன் எழுத்தில்தான். அதில் பெரிய எழுத்துக்கும் சின்ன எழுத்துக்கும் ஒலி வேறு என்பதை மட்டும் கவனியுங்கள். கூரான எழுத்தை முதல் வருஷம் தொடவே வேண்டாம். நாவிக்கும் ரோமன் எழுத்தே போதும். குவென்யா எடுத்தால் மட்டும் டோல்கீனின் டெங்க்வார் எழுத்தை முதல் வாரமே ஆரம்பியுங்கள். பிறப்பிடம் பார்த்து வரிசைப்படுத்திய எழுத்து அது. உதட்டில் பிறப்பவை ஒரு வரிசை, பல்லருகில் பிறப்பவை ஒரு வரிசை, வல்லினத்துக்குரிய மெல்லினம் அதே வரிசையில் கீழே. உயிரை மெய்யின் தலைமேல் குறியாகப் போடுவார்கள். குவென்யா முறையில் குறி எந்த மெய்யின் மேல் இருக்கிறதோ அந்த மெய்யை அடுத்து உயிரை வாசிக்க வேண்டும், நம் உயிர்மெய் மாதிரியே. சிந்தாரின் முறையில் உயிரை முதலில் வாசித்து அப்புறம் மெய்யை வாசிக்க வேண்டும், அதனால் இரண்டையும் ஒரே மாதத்தில் பழகாதீர்கள். பட்டையான நுனி உள்ள பேனா ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரண பால்பாயின்டில் அந்த எழுத்தின் தடிப்பும் மெலிவும் வராது.